டெஸ்ட் ஓடுதா, தூங்குதா?

(ஒலி வடிவில் வந்த எபிசோடை, படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கித் திருத்தி இங்கே தந்திருக்கிறோம்.)

போன வாரம் ஒரு நேயர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறதாம். "அண்ணா, எங்க டீம்ல டெஸ்ட் எல்லாம் ஓடி முடிய 35 நிமிஷம் ஆகுது. அதுல பாதி நேரம் ஸ்க்ரீன்ல ஒண்ணுமே வராது. ஓடிட்டிருக்கா, தொங்கிடுச்சான்னே தெரியல. நடுவுல ஏதாவது மெசேஜ் வர வைக்கலாமா? சீனியர்ஸ்கிட்ட கேட்டா, 'டெஸ்ட்ல பிரின்ட் போடாதே'ன்னு மட்டும் சொல்றாங்க."

கேட்க சின்னக் கேள்விதான். ஆனால் இதே கேள்விக்கு நான் ஒருமுறை தப்பான பதில் எழுதியிருக்கிறேன், அதுவும் கோடாக. அந்தத் தப்பில் மாட்டிக்கொண்டது நான் இல்லை, வேறு யாரோ. அந்தக் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

மாதக் கணக்கு டெஸ்ட்

அது என் முதல் வேலை. கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் செய்து கொடுக்கும் சின்ன கம்பெனி. தினமும் ராத்திரி எங்கள் டெஸ்ட்கள் எல்லாம் சிஐ சர்வரில் ஓடும். சிஐ என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: யாரும் உட்கார்ந்து பட்டன் அழுத்தாமல், கோடை எடுத்து, பில்டு செய்து, டெஸ்ட்களைத் தானாக ஓட்டிப் பார்க்கும் ஏற்பாடு.

அந்த டெஸ்ட்களில் ஒன்று, மாதக் கணக்கு முடிப்பது. 40,000 பில்களை எடுத்து, வரி கணக்குப் போட்டு, ஸ்டாக்கைக் கழித்து, கணக்கை மூட வேண்டும். முதலில் 8 நிமிடத்தில் முடிந்துகொண்டிருந்தது. டெஸ்ட் டேட்டா கூடக் கூட 15 நிமிடம் ஆனது. அவ்வளவு நேரமும் ஸ்க்ரீனில் ஒரு எழுத்துகூட வராது. எங்கள் சிஐ சர்வரிலோ ஒரு விதி: 10 நிமிடம் தொடர்ந்து எந்த அவுட்புட்டும் வரவில்லை என்றால், வேலை செத்துவிட்டது என்று முடிவுகட்டி நிறுத்திவிடும். விளைவு, தினமும் காலையில் ஆபீஸ் வந்தால் பில்டு சிவப்பு.

எங்கள் லீட் அக்கா என்னிடம் வந்தார். "தம்பி, இதை எப்படியாவது பச்சையாக்கிடுப்பா. தினம் காலைல மீட்டிங்ல இதுக்கு பதில் சொல்லி மாளல."

நானும் செய்தேன். டெஸ்ட் தொடங்கும்போது பக்கத்திலேயே இன்னொரு த்ரெட்டை ஓடவிட்டேன். அது நிமிடத்துக்கு ஒருமுறை "ஓடிக்கொண்டிருக்கிறது..." என்று ஒரு வரி போடும். டெஸ்ட் முடிந்ததும் அதுவும் நின்றுவிடும். மொத்தம் பத்து வரி கோட். மறுநாள் காலை பச்சை. அக்கா டீயும் சமோசாவும் வாங்கிக் கொடுத்தார். நான் ஹீரோ.

இரண்டு மாதம் கழித்து ஒரு ரிலீஸ். அதற்கு முந்தைய வாரத்தில் இரண்டு ராத்திரி அந்த டெஸ்ட் முடியவே இல்லை. காலையில் லாகைத் திறந்து பார்த்தால் "ஓடிக்கொண்டிருக்கிறது... ஓடிக்கொண்டிருக்கிறது..." என்று விடிய விடிய வரிகள். "ராத்திரில சர்வர் ஸ்லோவா இருந்திருக்கும்" என்று சொல்லி, கேன்சல் செய்துவிட்டு மறுபடி ஓட்டினோம். இரண்டு தடவையும் மறுபடி ஓட்டியபோது பச்சை. ரிலீஸ் போய்விட்டது.

அந்த மாதம் 31-ம் தேதி ராத்திரி சப்போர்ட் போனில் நான் இருந்தேன். ஒரு மளிகைக் கடைக்காரர் கூப்பிட்டார். "தம்பி, ஒம்போது மணிக்குக் கணக்கு முடிக்கப் போட்டேன். இப்ப மணி பதினொண்ணு. இன்னும் சுத்திக்கிட்டே இருக்கு. நான் கடையைப் பூட்டவா, வேணாமா? அதை மட்டும் சொல்லு."

எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் ஸ்க்ரீனில் சுற்றிக்கொண்டிருந்த அந்த வட்டமும் என்னுடைய பத்து வரிக் கோடும் ஒரே ஜாதி என்பது மட்டும் அந்த நிமிடம் புரிந்தது.

பிரச்சினை என்னவென்றால், புதுக் கோடில் இரண்டு த்ரெட்கள். ஒன்று ஸ்டாக்குக்கான பூட்டைப் பிடித்துக்கொண்டு வரிக்கான பூட்டுக்காகக் காத்திருந்தது. இன்னொன்று வரிப் பூட்டைப் பிடித்துக்கொண்டு ஸ்டாக் பூட்டுக்காகக் காத்திருந்தது. இதைத்தான் டெட்லாக் என்கிறோம். நீ முதல்ல, நீ முதல்ல என்று இரண்டும் அப்படியே நின்றுவிடும். எல்லா நேரமும் இப்படி ஆகாது, எப்போதாவதுதான் சிக்கும். எங்கள் டெஸ்ட் அதை ரிலீஸுக்கு முன்பே இரண்டு முறை பிடித்துக் கொடுத்திருக்கிறது. நான் எழுதிய பத்து வரி அதை மூடி மறைத்துவிட்டது. ஏனென்றால் அந்த வரிகளை எழுதிய த்ரெட்டுக்கு டெஸ்டைப் பற்றி எதுவுமே தெரியாது. அது கடிகாரத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தது.

இன்றைய எபிசோடில் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு போவதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: ப்ராக்ரஸ் மெசேஜ் வேலையிலிருந்து வர வேண்டும், கடிகாரத்திலிருந்து வரக் கூடாது.

டெஸ்ட் ஏன் பேசாமல் இருக்கிறது?

முதலில் இதைப் புரிந்துகொள்வோம். மூன்று காரணம் இருக்கிறது.

ஒன்று, ஃப்ரேம்வொர்க்கே வேண்டுமென்றே வாயை மூடி வைக்கிறது. பைத்தானில் பைடெஸ்ட் பயன்படுத்துகிறவர்களுக்குத் தெரிந்திருக்கும். டெஸ்டுக்குள் பிரின்ட் போட்டால் ஸ்க்ரீனில் வராது. பைடெஸ்ட் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். டெஸ்ட் ஃபெயில் ஆனால் மட்டும் எடுத்துக் காட்டும், பாஸ் ஆனால் தூக்கிப் போட்டுவிடும். இது நல்ல பழக்கம்தான். ஆயிரம் டெஸ்ட் பாஸ் ஆகும்போது ஆயிரம் பேருடைய கதையையும் யார் கேட்பது? கோ மொழியிலும் இதே மாதிரிதான்: டெஸ்ட் பாஸ் ஆகிவிட்டால் அதன் லாக் வெளியே வராது. ஆனால் தொங்கி நிற்கும் டெஸ்ட் பாஸும் இல்லை, ஃபெயிலும் இல்லை. இந்த ஏற்பாட்டில் அதற்கு வாயே இல்லை.

இரண்டு, புள்ளி. பைடெஸ்ட் ஒவ்வொரு டெஸ்ட் பாஸ் ஆனதும் ஒரு புள்ளி வைக்கும், ஃபெயில் ஆனால் எஃப் என்ற எழுத்து. ஓரத்தில் எத்தனை சதவீதம் முடிந்தது என்றும் காட்டும். ஆனால் புள்ளி வருவது டெஸ்ட் முடிந்த பிறகு. எந்த டெஸ்ட் இப்போது ஓடுகிறது என்று அது சொல்லாது. சதவீதமும் டெஸ்ட்களின் எண்ணிக்கையை வைத்துத்தான், நேரத்தை வைத்து இல்லை. 200 டெஸ்டில் 199 முடிந்து 99 சதவீதம் என்று நிற்கும். மிச்சம் இருக்கிற ஒரு டெஸ்ட்தான் 15 நிமிட டெஸ்டாக இருக்கும்.

மூன்றாவது காரணம்தான் நிறைய பேரைக் குழப்புவது. நீங்கள் மெசேஜ் எழுதியிருப்பீர்கள், அது வந்தே சேராது. இது பஃபரிங்.

ஷேர் ஆட்டோவை நினைத்துக்கொள்ளுங்கள். பைத்தான் புரோகிராம் நேராக டெர்மினலுக்கு எழுதும்போது தனி ஆட்டோ மாதிரி: ஒரு வரி ஏறினால் உடனே கிளம்பிவிடும். அதே புரோகிராமின் அவுட்புட்டை ஃபைலுக்கோ, பைப் வழியாக இன்னொரு புரோகிராமுக்கோ அனுப்பினால் அது ஷேர் ஆட்டோ. இடம் நிறையும் வரை கிளம்பாது. பல கிலோபைட் சேர்ந்த பிறகுதான் ஒரு நடை. சிஐ சர்வரில் பெரும்பாலும் டெர்மினல் கிடையாது, எல்லாமே ஷேர் ஆட்டோதான். அதனால்தான் உங்கள் லேப்டாப்பில் ஒழுங்காக வரும் மெசேஜ், சிஐ-யில் பத்து நிமிடம் வராமல் இருந்து மொத்தமாகக் கொட்டுகிறது.

இதைவிட மோசம் ஒன்று உண்டு. ஆட்டோ நிறைவதற்குள் சிஐ அந்த வேலையைச் சட்டென்று கொன்றுவிட்டால், உள்ளே உட்கார்ந்திருந்த வரிகளும் போச்சு. கடைசியாக என்ன நடந்தது என்று சொல்லக்கூடிய வரிகள் அவைதான்.

இதற்கு வைத்தியம் எளிது. பைத்தானில் பிரின்ட் போடும்போது ஃப்ளஷ் என்பதை ட்ரூ என்று கொடுங்கள். அல்லது பைத்தானையே மைனஸ் யூ போட்டு ஓட்டுங்கள். வரி ஏறியதும் வண்டி கிளம்பிவிடும்.

விசில் எண்ணுவது

சரி, காத்திருக்கிற மனுஷனுக்கு உண்மையில் என்ன வேண்டும்?

வீட்டில் குக்கர் வைத்திருக்கிறார்கள். அம்மா வெளியே கிளம்பும்போது என்ன சொல்வார்? "நாலு விசில் வந்ததும் அடுப்பை அணைச்சிடு." பத்து நிமிடம் கழித்து அணை என்று சொல்ல மாட்டார். ஏன்? விசில் உள்ளே இருக்கிற நீராவியிலிருந்து வருகிறது. கேஸ்கெட் சரியாக உட்காரவில்லை என்றால் விசில் வராது. தண்ணீர் வற்றினாலும் வராது. விசில் வரவில்லை என்பதே ஒரு செய்தி. எழுந்து போய்ப் பார்ப்போம். என்னுடைய பத்து வரிக் கோட், குக்கர் பக்கத்தில் நின்றுகொண்டு நிமிடத்துக்கு ஒருமுறை வாயால் விசில் அடித்த பையன்.

கம்ப்யூட்டர் பக்கம் இது ரொம்ப நாளாகத் தெரிந்த சங்கதி. 1985-ல் பிராட் மையர்ஸ் என்ற ஆய்வாளர், எத்தனை சதவீதம் முடிந்தது என்று காட்டும் ப்ராக்ரஸ் பாரை வைத்து ஆட்களிடம் சோதித்துப் பார்த்து ஒரு கட்டுரை எழுதினார். நீண்ட வேலைகளுக்கு அப்படி ஒன்று இருப்பதையே மக்கள் விரும்பினார்கள். 1993-ல் யாக்கோப் நீல்சன் எழுதிய புத்தகத்தில் ஒரு கணக்கு வரும்: 10 விநாடிக்கு மேல் பதில் வரவில்லை என்றால் மனிதனின் கவனம் வேறு பக்கம் போய்விடும், அதற்கு மேல் ஆகும் வேலைக்கு எவ்வளவு முடிந்தது என்று காட்ட வேண்டும். 10 விநாடிக்கே இந்தப் பாடு. நாம் 15 நிமிடம் இருட்டில் உட்கார வைக்கிறோம்.

காத்திருப்பவர் மனதில் மூன்று கேள்விதான். உயிரோடு இருக்கிறதா? எங்கே நிற்கிறது? இன்னும் எவ்வளவு? அந்த மளிகைக் கடைக்காரர் கேட்டதும் அதேதான். காத்திருக்கலாமா, கிளம்பலாமா என்று அவர் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது.

நல்ல மெசேஜ் எப்படி இருக்கும்?

இதற்கு ஒரு அழகான பழைய மாதிரி இருக்கிறது. 1987-ல் லாரி வால் பெர்ல் மொழியின் முதல் பதிப்பை வெளியிட்டபோது, அதன் டெஸ்ட்களுக்கு ஒரு எளிய முறை வைத்திருந்தார். பின்னாளில் அதற்கு டெஸ்ட் எனிதிங் ப்ரோட்டோகால், சுருக்கமாக டேப், என்று பெயர் வந்தது. டெஸ்ட் முதலில் 1..5 என்று ஒரு வரி எழுதும். அதாவது, நான் ஐந்து டெஸ்ட் ஓட்டப் போகிறேன். பிறகு ஓகே 1, ஓகே 2, நாட் ஓகே 3 என்று வரிசையாகச் சொல்லும். ஓகே 3-லேயே நின்றுபோனால், மிச்சம் இரண்டு வரவில்லை என்று கேட்கிறவருக்குத் தெரிந்துவிடும். மனிதர்களுக்கான குறிப்பு இருந்தால் வரியின் தொடக்கத்தில் ஹேஷ் குறி போட்டு எழுதலாம், மெஷின் அதைத் தாண்டிப் போய்விடும். எத்தனை என்று முதலிலேயே சொல், ஒவ்வொன்றாகச் சொல், மெஷினுக்கானதையும் மனிதனுக்கானதையும் கலக்காதே. இன்றைக்கும் இதுதான் அடிப்படை.

இதை நம் டெஸ்டுக்குக் கொண்டுவருவோம்.

முதல் விஷயம், வேலையை ஆரம்பிக்கும் முன் சொல்லுங்கள். "வரி கணக்கு முடிந்தது" என்ற வரியைவிட "வரி கணக்கு தொடங்குகிறது" என்ற வரி பயன் உள்ளது. நடுவில் நின்றால் எங்கே நின்றது என்று முன்னாடி சொன்ன வரிதான் காட்டிக் கொடுக்கும். பைடெஸ்டில் மைனஸ் வி போட்டு ஓட்டினால் இதே வேலை நடக்கும்: டெஸ்டின் பெயர் முதலில் வரும், பாஸா ஃபெயிலா என்பது பிறகு வரும்.

இரண்டாவது, எண்ணிக்கை சொல்லுங்கள். "ப்ராசஸிங்..." என்று மூன்று புள்ளி வைத்தால் யாருக்கும் ஒன்றும் புரியாது. "பில் 12,000 / 40,000, 4 நிமிடம் 10 விநாடி" என்று எழுதுங்கள். அடுத்த வரி "16,000" என்று வந்தால் நகர்கிறது. 12,000-லேயே நின்றால் சிக்கல். இந்த எண் லூப்புக்கு உள்ளேயிருந்து வர வேண்டும். பில் நகர்ந்தால்தான் எண் நகரும்.

மூன்றாவது, அளவு. 40,000 பில்லுக்கு 40,000 வரி போட்டால், அதுவும் ஒரு வகை மௌனம்தான். சந்தைக்கடைச் சத்தத்தில் நிஜமான எர்ரர் வரி காணாமல் போய்விடும். லூப்புக்குள் இருந்துகொண்டே அரை நிமிடத்துக்கு ஒரு வரியோ, ஐந்து சதவீதத்துக்கு ஒரு வரியோ போதும்.

நான்காவது, எந்த வழியாகச் சொல்வது? உங்கள் சீனியர்கள் பிரின்ட் போடாதே என்று சொன்னதில் நியாயம் இருக்கிறது. பிரின்ட்டைத் தேவைப்படும்போது மட்டும் எழுப்பவும் மற்ற நேரம் அடக்கவும் வழி கிடையாது. பைடெஸ்டில் மைனஸ் எஸ் போட்டால் பிரின்ட் எல்லாம் வெளியே வரும்தான். ஆனால் எல்லா டெஸ்டின் சத்தமும் சேர்ந்து வரும். அதற்குப் பதில் லாகிங் பயன்படுத்துங்கள். பைடெஸ்டின் செட்டிங்கில் லாக் சிஎல்ஐ என்று ஒன்று இருக்கிறது. அதை ஆன் செய்து, லெவலை இன்ஃபோ என்று வைத்தால், டெஸ்ட் ஓடும்போதே லாக் வரிகள் ஸ்க்ரீனில் வரும். கோ மொழிக்காரர்களுக்கு: 2020-ல் வந்த 1.14 பதிப்பிலிருந்து, மைனஸ் வி போட்டால் டெஸ்டின் லாக் வரிகள் கடைசியில் மொத்தமாக வராமல் அப்போதைக்கப்போதே வருகின்றன.

ஐந்தாவது, ஒரே வரியில் அழிந்து அழிந்து நீளும் அழகான ப்ராக்ரஸ் பாரை சிஐ-க்கு அனுப்பாதீர்கள். அது டெர்மினலுக்கான வித்தை. லாக் ஃபைலில் அது குப்பையாகத்தான் விழும். எதிரில் இருப்பது டெர்மினலா என்று புரோகிராமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஆம் என்றால் பார், இல்லை என்றால் சாதாரண வரிகள்.

இன்னொன்று, ப்ராக்ரஸ் மெசேஜில் பாஸ்வேர்டு, டோக்கன், வாடிக்கையாளர் போன் நம்பர் எதையும் போடாதீர்கள். சிஐ லாகை நீங்கள் நினைப்பதைவிட அதிகம் பேர் படிக்கிறார்கள்.

சிஐ-யை ஏமாற்றாதீர்கள்

அந்த 10 நிமிட விதிக்கு வருவோம். அது எங்கள் சர்வரில் மட்டும் இருந்த விதி இல்லை. சர்க்கிள்சிஐ-யில் அவுட்புட் இல்லாமல் 10 நிமிடம் போனால் வேலையை நிறுத்துவதுதான் வழக்கமான செட்டிங். டிராவிஸ் சிஐ-யிலும் அதே 10 நிமிடம்தான். இந்த விதி நமக்கு எதிரி மாதிரி தெரியும். உண்மையில் அது கதவைத் தட்டி "உள்ளே ஆள் இருக்கா?" என்று கேட்கும் வாட்ச்மேன். நான் செய்தது, டேப்ரெக்கார்டரில் குரலைப் பதிவு செய்து "இருக்கேன், இருக்கேன்" என்று ஓடவிட்டது.

உங்கள் டெஸ்டில் நடுவில் வேறு யாரோ எழுதிய ஒரு பெரிய புரோகிராம் 20 நிமிடம் ஓடுகிறது, அதற்குள் கை வைக்க முடியாது என்றால்? அப்போது கடிகார மெசேஜ் தவிர வழி இல்லை. டிராவிஸே அதற்காக டிராவிஸ் வெயிட் என்று ஒரு கட்டளை கொடுத்திருந்தது. நிமிடத்துக்கு ஒரு வரி போடும். ஆனால் அதற்கு ஒரு வரம்பு உண்டு, சும்மா விட்டால் 20 நிமிடம். அதற்கு மேல் பேசாது. என் கோடில் இல்லாமல் போனது அந்த வரம்புதான். அல்லது வாட்ச்மேனிடம் உண்மையைச் சொல்லி, அந்த ஒரு வேலைக்கு மட்டும் நேரத்தை 25 நிமிடம் என்று கூட்டிக் கேளுங்கள். செட்டிங் அதற்காகத்தான் இருக்கிறது.

கடைசியாக, நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதையும் முன்னாடியே எழுதி வைக்க வேண்டும். பைடெஸ்டில் ஃபால்ட்ஹேண்ட்லர் டைம்அவுட் என்று ஒரு செட்டிங் உண்டு. 2019-ல் வந்த 5.0 பதிப்பிலிருந்து கூடவே வருகிறது. நீங்கள் கொடுத்த விநாடிகளைத் தாண்டியும் ஒரு டெஸ்ட் முடியவில்லை என்றால், ஒவ்வொரு த்ரெட்டும் எந்த ஃபைலில் எந்த வரியில் நிற்கிறது என்று எழுதிக் காட்டும். டெஸ்டை நிறுத்தாது, காட்டிக் கொடுக்கும். நிறுத்தவும் வேண்டும் என்றால் பைடெஸ்ட்-டைம்அவுட் என்ற ப்ளக்இன் இருக்கிறது. கோ-வில் இது தானாகவே உண்டு: 10 நிமிடம் தாண்டினால் டெஸ்டை நிறுத்தி, ஒவ்வொரு கோருட்டீனும் எங்கே நிற்கிறது என்று கொட்டிவிடும்.

எங்கள் டெஸ்டில் இப்படி ஒரே ஒரு செட்டிங் இருந்திருந்தால், முதல் ராத்திரியே இரண்டு த்ரெட்டும் எந்தப் பூட்டுக்காக நிற்கின்றன என்று வரி எண்ணோடு லாகில் வந்திருக்கும். சர்வர் ஸ்லோ என்று நாங்கள் சொல்லியிருக்கவே முடியாது.

பிறகு என்ன ஆனது?

அந்த ராத்திரி கடைக்காரரிடம், "அண்ணாச்சி, கடையைப் பூட்டிட்டு வீட்டுக்குப் போங்க, காலைல நாங்க பார்த்துக்கிறோம்" என்று சொன்னேன். அவர் கணக்கு அப்படியே பத்திரமாக இருந்தது. மறுநாள் மதியத்துக்குள் கோடைச் சரிசெய்து அனுப்பினோம். ஆனால் மாதக் கடைசி ராத்திரியில் அவரைப் போல இன்னும் எத்தனை பேர் போன் செய்யாமலே சுற்றும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களோ.

என் பத்து வரிக் கோடை நானே அழித்தேன். லூப்புக்கு உள்ளே, ஒவ்வொரு 2,000 பில்லுக்கும் ஒரு வரி போட்டேன். அக்கா அதைப் பார்த்துவிட்டு, "இதையே ஸ்க்ரீன்லயும் காட்டலாமே, கடைக்காரங்களுக்கு?" என்றார். அடுத்த ரிலீஸில் அந்தச் சுற்றும் வட்டம் போய், "பில் 12,000 / 40,000" வந்தது.

வாய்ஸ் நோட் அனுப்பிய நண்பருக்கு ஒரு சின்ன வீட்டுப்பாடம். நாளைக்கு ஆபீஸ் போனதும் உங்கள் சிஐ-யின் கடைசி லாகைத் திறங்கள். வரிகளுக்குப் பக்கத்தில் நேரம் இருக்கும், இல்லை என்றால் டைம்ஸ்டாம்ப்பை ஆன் செய்துகொள்ளுங்கள். எந்த இரண்டு வரிக்கு நடுவே இடைவெளி அதிகம் என்று பாருங்கள். அந்த இடைவெளியில் என்ன நடக்கிறது என்று டீமில் ஒருவருக்காவது தெரியுமா என்று கேளுங்கள். முதல் மெசேஜை அங்கே போடுங்கள். சீனியர்கள் கேட்டால், "பிரின்ட் இல்லண்ணா, லாகிங்தான்" என்று சொல்லிவிடுங்கள்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.